ஊசிவால் வாத்து வந்த ஏரி

போன வாரம் கம்பெனி வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த வருடக் குடும்பச் சுற்றுலா கோடியக்கரைக்கு, பறவை பார்க்க. இயற்கையைக் காப்போம் என்று பூநாரைப் படம் வேறு. ஏற்கெனவே போய்வந்தவன் என்பதால் நான்தான் வழிகாட்ட வேண்டுமாம். என் வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு மனைவி தெருக்கதவைச் சாத்தினாள்.

போய்வந்தது உண்மைதான். ஒரு பொங்கல் விடுமுறையில், ரஃபீக் பாயின் பழைய ஆம்னி வேனில். பாய் எங்கள் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் ஸ்டோர்ஸில் கேட் பாஸ் எழுதுபவன். ஓசூரில் பைனாகுலரோடு ஷிஃப்டுக்கு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த பறவைகள் காக்காயும் கோழியும். கோழியைக் குழம்பில் இன்னும் நன்றாக அடையாளம் தெரியும். வீடு நிறைய விருந்தாளிகள், வண்டியில் ஓர் இடம் காலி. கிளம்பிவிட்டேன்.

வேதாரண்யம் தாண்டியதுமே உப்பு வாடை. மறுநாள் காலை முழங்கால் சேற்றில் நின்றோம். தூரத்தில் வெளிறிய ஒரு கோடு. அது எழுந்து சிறகை விரித்துச் சிவந்தபோதுதான் பூநாரைக் கூட்டம் என்று புரிந்தது. ஒரு செருப்பு சேற்றோடு போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. பாயோ வேறு பக்கம், மங்கலாக மிதந்த சில வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசிவால் வாத்து மாப்ள. நம்ம ஏரிக்கு வர்றதும் இதேதான். இதப் பாக்க ஒரு நாள் பூரா வண்டி ஓட்டியாந்துருக்கோம்."

நம்ம ஏரி என்றது, உத்தனப்பள்ளி போகிற வழியில் இருந்த ஏரியை. கம்பெனி பஸ்ஸில் தினம் அதைத் தூங்கியபடியே கடந்திருக்கிறேன். ஊர் திரும்பியபின் ஞாயிறுதோறும் பாயோடு அங்கே போனேன். குளிர் முடிவதற்குள் இருபது பெயராவது கற்றிருப்பேன்.

கோடையில் ஒருநாள் கரையில் ஏறும்போதே அந்த வாடை வந்தது. வார்ப்பு ஊற்றியபின் மிஞ்சும் கருமண்ணின் கருகல் வாடை. எத்தனை துவைத்தாலும் என் சட்டையை விட்டுப் போகாதது. தண்ணீரோரம் குவியல் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். ஒவ்வொரு லோடும் என் கையெழுத்தில்தான் வெளியே போனது. சேருமிடம், கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு குவாரி என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அரை மணியில் திரும்பி வரும் லாரி எந்தக் குவாரிக்குப் போயிருக்கும்? எனக்குத் தெரியாமலில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாய் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதினார். ஸ்டோர்ஸுக்கு வந்து, லாரி போன நேரமும் வந்த நேரமும் உள்ள ரிஜிஸ்டர் பக்கங்களைக் கேட்டார்.

"நகல் மட்டும் குடு. உம் பேரு வராது மாப்ள."

"பொண்ணு காலேஜ் சேர்ற வருசம் பாய். என்ன விட்ருங்க."

அவர் வற்புறுத்தவில்லை. தனியாகவே மனு கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்காமல் ஏரியைப் பார்த்தார்கள். கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து என் கேட் பாஸ்களைப் பார்த்தார்கள். எல்லா மண்ணும் குவாரிக்குப் போயிருந்தது. பாய் பொய்யரானார். இரண்டே மாதத்தில், ஃபோர்க்லிஃப்டைச் சுவரில் இடித்தார் என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பினார்கள். லாக்கரைக் காலிசெய்து போகும்போது என் மேஜை முன் நின்றார்.

"எனக்கெதிரா சாட்சி சொன்னது உங்கையெழுத்துதான்."

அப்புறம் நாகரசம்பட்டியில் மாங்காய் வியாபாரம் செய்கிறார் என்று கேள்வி. என் போனை எடுப்பதில்லை. மண் கொட்டியவனையும், ஜீப்பில் வந்தவனையும், இன்றைக்குப் பூநாரைப் படம் போடுகிறவனையும் வாய்வலிக்கத் திட்டுகிறேன். எல்லாத் திட்டும் எழுதிய கையில் வந்துதான் நிற்கிறது.

ஏரி இப்போது லாரி நிறுத்தும் மைதானம். போன மார்கழியில் அதன் ஓரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பறவைக் கூட்டம் வந்தது. மைதானத்தின் மேல் இரண்டு சுற்று சுற்றியது. இறங்க இடமில்லை, போய்விட்டது. ஊசிவால் வாத்து. யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.