இடுப்பளவு ஷட்டர்

தன் கடையைத் திறக்கும் முன் கமலவேணி ஊரார் கடைகளைத் திறக்கிறாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷட்டரின் வளையத்தில் இரும்புக் கம்பியை மாட்டி ஒரு தூக்கு. இடுப்பளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். குனிந்து உள்ளே போய் விளக்கைப் போடுவாள். டைல்ஸ் கடை, பெயிண்ட் கடை, எலெக்ட்ரிக்கல் கடை, வரிசையாக இதே வேலை. உள்ளே வெறும் அலமாரிகளும் எலிப்புழுக்கையும்தான். கடைக்காரர்கள் காலிசெய்துகொண்டு போய் வெகுநாளாயிற்று. வாசல்களுக்கெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கோடியில் இருக்கும் தன் மெஸ்ஸுக்கு வருகிறாள். "ஆளில்லாத ஊட்டுக்கு வாசத் தெளிக்கிற பொழப்பாப் போச்சுங்க" என்று முனகிக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

இது வளாகத்தின் சொந்தக்காரர் அர்த்தநாரியின் ஏற்பாடு. கடைகள் காலியாகக் கிடப்பது ஈரோட்டு ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாதாம். பாதி திறந்து விளக்கெரிந்தால், ஆள் உள்ளே வேலையாக இருப்பதுபோல் தோன்றுமாம். கமலவேணிக்குக் கூலி எதுவும் இல்லை. "உன்னையக் காலி பண்ணச் சொல்லாம உட்டிருக்கறனே, அது பத்தாதா?" என்பார். மெஸ்ஸின் பின்னறையில்தான் அவளும் மகளும் படுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாடகையைக் கொஞ்சம் குறைத்திருந்தால் பெயிண்ட் கடைக்காரராவது தங்கியிருப்பார். குறைத்தால் கட்டடத்தின் மதிப்பு இறங்கிவிடும், பேங்கில் கடன் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார் மனிதர். எலி குடியிருக்கலாம், வாடகை இறங்கக் கூடாது. நல்ல நியாயம்!

வளாகத்துக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வீட்டுமனைகள். முன்பெல்லாம் அங்கே ஏதாவது ஒரு வீட்டில் காங்கிரீட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். காங்கிரீட் போடும் அன்றைக்கு வேலையாட்கள் அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் கறிச்சோறு போட வேண்டும், அது வழக்கம். சமையல் கமலவேணியுடையது. எலும்புக் குழம்பு கொதிக்கும் வாசனைக்கே கம்பி கட்டுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு மனை விலையை ஏற்றினார்கள், எம்சாண்ட் மணல் விலையை ஏற்றினார்கள், வட்டியை ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பாதியில் நின்ற வீடுகளில் தூண்கம்பிகள் துருப்பிடிக்கின்றன. டைல்ஸ் கேட்க ஆளில்லை, பெயிண்ட் கேட்க ஆளில்லை, மெஸ்ஸுக்குச் சாப்பிட வரக் கொத்தனார் இல்லை. பெரிய அண்டா கவிழ்ந்தே கிடக்கிறது. "ஆரோ ஊடு கட்டுறாங்க, கட்டாமப் போறாங்க, நமக்கென்னன்னு இருந்தனுங்க. அது எஞ்சோத்துல வந்து கைய வெக்கும்னு ஆரு கண்டா?" என்கிறாள்.

இன்று அர்த்தநாரி ஒரு ஜோடியைக் கூட்டி வந்திருக்கிறார். பரமத்தி வேலூர்க்காரர்கள். தனபால் என்ற அந்த இளைஞன் வெற்றிலைக் கொடிக்காலை விற்றுவிட்டு வந்திருக்கிறான். காலியாக இருக்கும் ஒரே கடை என்று அர்த்தநாரி காட்டிய இடத்தில் பாத்ரூம் சாமான் கடை வைக்கப்போகிறானாம். அவன் மனைவி மதுமதி, முன்பணம் இருந்த துணிப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாத்தீங்கல்ல, எல்லாக் கடையும் ஓடுது. பெயிண்டுக் கடைக்காரரு சரக்கெடுக்கச் சேலம் போயிருக்காப்ல" என்கிறார் அர்த்தநாரி, நா கூசாமல். பிறகு மெஸ்ஸுக்குள் பார்த்து, "நீயே சொல்லு கமலவேணி" என்கிறார்.

கமலவேணி காலையில் தெளித்த தண்ணீரின் ஈரத்தில்தான் அந்தப் பெண் நிற்கிறாள். கமலவேணி போட்ட விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்க்கா, யாவாரம் நெசமாலுமே ஆகுதுங்களா?" என்று கேட்கிறாள் மதுமதி.

கமலவேணி அடுப்பை அணைக்கிறாள். மூலையிலிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு போய் டைல்ஸ் கடை ஷட்டரில் மாட்டி, உச்சிவரைக்கும் தூக்கிவிடுகிறாள். "ஏய், என்ன பண்றே நீ?" என்று அர்த்தநாரி கத்துகிறார். அடுத்து பெயிண்ட் கடை. அவர் பின்னாலேயே ஓடிவருகிறார். எலெக்ட்ரிக்கல் கடை வாசலில்தான் மதுமதி நிற்கிறாள்.

"கொஞ்சம் தள்ளிக்க சாமி" என்று அவளை விலக்கிவிட்டு அதையும் தூக்குகிறாள். வெறும் அலமாரிகள்மேல் வெயில் விழுகிறது. மதுமதி பையை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள்.

கமலவேணி கம்பியை அர்த்தநாரியிடம் நீட்டுகிறாள்.