களர் நிலத்துக்கு வந்த பரிட்சை

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பங்குனி மாதத்தில் எங்கள் வயலுக்கும் ஒரு பரிட்சை வந்தது. நான் பாஸ் செய்துவிட்டேன். வயலின் கதைதான் கொஞ்சம் நீளம்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மிராசுதாரின் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊர்வலம் வந்து, மறியல் வந்து, போலீஸ் லாரியும் இரண்டு தடவை வந்து போன பிறகு, உபரி நிலம் என்று எங்களுக்கு ஒரு ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. எவ்வளவு நிலத்தை விட வேண்டும் என்று சட்டம் சொன்னதே தவிர, எந்த நிலத்தை விட வேண்டும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. மிராசுதார் தாமே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். ஊரின் கிழக்குக் கோடியில், ஆடுகூட நின்று மேயாத களர். வெயில் காலத்தில் சுண்ணாம்பு தெளித்ததுபோல உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நாள்கணக்கில் அப்படியே நிற்கும்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?" என்று பண்ணையின் காரியக்காரர் அப்பாவிடம் கேட்டார். அப்பா பொதுவாகவே பதில் சொல்லும் ஆள் இல்லை. அம்மாதான் சொன்னாள். தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

"தானமாவா குடுத்தாரு? சட்டம் புடுங்கிக் குடுத்துச்சு. இனிமே நான் குனிஞ்சு நடவு நட்டா என் வயல்லதான் நடுவேன். அவரு வரப்புல என் காலு படாது. போயிச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம். விளைய வேண்டுமே! முதல் வருஷம் நட்ட சம்பாவில் பாதி, வேர் பிடிக்காமல் கருகிப் போனது. இன்னொரு வருஷம் இப்படியே போனால் அம்மா தெருவில் சொன்ன சொல்லை அவளே விழுங்கிக்கொண்டு பண்ணை நடவுக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான், விவசாய இலாகாவிலிருந்து சைக்கிளில் ஊர் ஊராக வரும் கிராம சேவக், மண் பரிசோதனை வண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதாகச் சொன்னார். மண்ணைச் சோதித்து ஒரு அட்டை தருவார்கள். அட்டையில் களர் என்று இருந்தால் எங்களைப் போன்ற பட்டாதாரர்களுக்கு, உப்பை முறிக்கிற ஜிப்சம் சும்மா கிடைக்கும். அதைப் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் களர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்றார்.

மண் எடுக்கும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். வரப்போரம் எடுக்கக் கூடாது, மர நிழலில் கூடாது, எருக் குவித்த இடத்தில் கூடவே கூடாது. வயலில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கூறுகளைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தைக் கலந்து மறுபடி நாலு கூறு. கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படி. அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் முழுக்க இதைச் சாமி காரியம் மாதிரி செய்தார்கள். மண்ணை வீட்டுக்குள் நிழலில் உலர்த்தினார்கள். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து ஒரு பை தைத்தாள்.

மண் உலர உலர மேலே வெள்ளை பூத்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு பேர் சேர்ந்து என் மனத்தைக் கெடுத்தார்கள். ஒருவர் சித்தப்பா. அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்பவர். பட்டாவில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த நிபந்தனைகளை எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான். "கெடுவுக்குள்ள பயிர் ஏத்திக் காட்டலைன்னா பட்டாவை ரத்து பண்ணிப்புடுவான், தெரியுமுல்ல?" என்று அப்பாவை உசுப்புவதற்காக அடிக்கடி சொல்வார். இன்னொருவர் எங்கள் டீச்சர். "நாளைக்கு உங்க ஊரு மண்ணுக்கெல்லாம் பரிட்சை. எது பாஸு, எது பெயிலுன்னு தெரிஞ்சுபோயிடும்" என்று வேடிக்கையாகச் சொன்னார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெயிலானால் பட்டா போகும். பட்டா போனால் அம்மா பண்ணைக்குப் போவாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜிப்சம் பற்றி கிராம சேவக் சொன்னது என் காதில் விழவில்லையா என்றால், விழுந்தது. ஆனால் பெயிலான பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிற வழக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதனால் அதை நம்பவில்லை.

வண்டி வரும் நாள் காலையில் அப்பா வைக்கோல் ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்ததால் அம்மா பையை என்னிடம் கொடுத்தனுப்பினாள். போகிற வழியில் பண்ணையின் நாற்றங்கால். அறுப்பு முடிந்து சும்மா கிடந்தது. அந்த வயலின் மண் கறுப்பு. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். வருஷா வருஷம் கோடையில் குளத்து வண்டலைச் சுமந்து கொட்டி, ஆட்டுக்கிடை போட்டு, தழை மிதித்து வளர்த்த மண். வண்டல் சுமந்தது அம்மா, தழை மிதித்தது அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வயலோரத்துப் பூவரசில்தான் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு அம்மா வண்டல் சுமந்திருக்கிறாள்.

பையில் இருந்த எங்கள் மண்ணை வாய்க்காலில் கொட்டினேன். பிறகு நாற்றங்காலில் இறங்கினேன். திருட்டிலும் நான் முறை தவறவில்லை. வரப்போரம் எடுக்கக் கூடாது என்பது நினைவிருந்ததால் நடுவயலுக்கே போய்க் கைகளால் பறண்டிப் பையை நிரப்பினேன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் சைக்கிள் மணி கேட்டது. காரியக்காரர்!

"வயலுக்குள்ள யாரு அது?"

சட்டென்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஒண்ணுக்குங்க!" என்று கத்தினேன்.

"போயித் தொலை. அதுவும் உரந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய வரிசை. அப்பா தலையில் வைக்கோல் துரும்போடு வந்து என் பக்கத்தில் நின்றார். எங்கள் முறை வந்ததும், மூக்குக் கண்ணாடி போட்ட இளவயது அதிகாரி பையை அவிழ்த்து ஒரு தட்டில் கொட்டினார். "மண்ணு நல்லாயிருக்கே! இந்தப் பக்கம் களருன்னுல்ல சொன்னாங்க?" என்றார்.

அப்பா குனிந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஊரில் எந்த வயல் மண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடியவர் அவர். மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"உங்க மண்ணுதானேங்க?" என்று அதிகாரி கேட்டார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அப்பா இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கிங்க சார்" என்றார்.

"என்ன எரு போட்டீங்க?"

அப்பா அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "வருசா வருசம் கொளத்து வண்டல் சார். அங்க வண்டி போவாது, தலைச்சுமைதான். அறுப்பு முடிஞ்சதும் ஆட்டுக்கிடை. அப்புறம் தழை மிதிக்கிறது. பூவரசு, கொழுஞ்சி, எது கெடைச்சாலும்."

"எத்தனை வருசமா?"

"பதினாறு வருசமா நாந்தான் சார் பாக்குறேன்."

எங்களுக்குப் பட்டா வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்பது அதிகாரிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். அப்பா தலையில் இருந்த துரும்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம்ம மண்ணை எங்க கொட்டுன?"

"வாய்க்கால்ல."

"ம்" என்றார். அடி விழவில்லை. அப்பாவும் பெயிலுக்குப் பயந்துதான் இருந்திருக்கிறார், நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

வைகாசியில் அட்டைகள் வந்தன. எங்கள் அட்டையில் மிக நல்ல மண் என்று இருந்தது. ஜிப்சம் வாங்குகிறவர்கள் பட்டியலில் அக்கம்பக்கத்துக் களர்க்காரர்கள் எல்லோர் பெயரும் இருந்தது, அப்பா பெயர் மட்டும் இல்லை. சித்தப்பா எங்கள் வாசலில் நின்று குதித்தார். "மிராசுதாரு சொல்லி மாத்தி எழுதியிருக்கான்! சும்மா விடுறதா? நாளைக்கே ஆபீஸ் முன்னாடி மறியல்!" கொடிக்குக் கம்பு வெட்ட ஆளே அனுப்பிவிட்டார்.

அப்பா வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். "ஆபீஸ்காரங்க மேல தப்பு இல்லடா. மண்ணு நம்மளது இல்ல. நாத்தங்கா மண்ணு."

சித்தப்பாவின் கை தூக்கியபடியே நின்றது. அம்மா என்னைத்தான் முதலில் பார்த்தாள். என் மூஞ்சியே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். விளக்குமாற்றின் அடிக்கட்டையால் நாலு வைத்தாள். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"இது சின்னப் புள்ள, இதுக்கு என்னா தெரியும்? உங்களுக்கு எங்கங்க போச்சு புத்தி? கையில எடுத்ததுமே தெரிஞ்சிருக்குமே! வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

மறுநாள் அப்பா எங்கள் வயலில் மறுபடி பத்து இடத்தில் மண் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். களர் என்று இரண்டாவது அட்டை வருவதற்குள் வந்த ஜிப்சம் தீர்ந்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான் என்றார்கள். அடுத்த வருஷம் வந்தது, வயலும் மெல்ல மெல்லத் தேறியது என்பது வேறு விஷயம். ஜிப்சம் கிடைக்காத அந்த வருஷ நடவுக்கு அம்மா பண்ணைக்குப் போனாள்.

முதல் நாள் அந்த நாற்றங்காலில்தான் நாற்றுப் பறிப்பு. நான் கஞ்சித்தூக்கு கொண்டுபோயிருந்தேன். காரியக்காரர் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, "வாங்க பட்டாதாரம்மா. வரப்பு வழுக்கும், பாத்து வாங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் சேற்றில் இறங்கிக் குனிந்தாள். யாராவது ஒன்று சொல்லி அம்மா ஒன்பது சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அதன் பிறகு அம்மா பல மாதம் அப்பாவோடு நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவைச் சாப்புட வரச் சொல்லு" என்று என் வழியாகத்தான் எல்லாம் நடந்தது.

தை பிறப்பதற்கு முதல் நாள், போகி. தெருவில் பழைய பாயும் கூடையும் எரிந்துகொண்டிருந்தன. நான் தகரப் பெட்டியிலிருந்து அந்த முதல் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினேன். அது ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. அம்மா என் கையை எட்டிப் பிடித்தாள்.

"என்னடி அது?"

"தப்பு அட்டைம்மா. எரிச்சுடலாம்."

"என்ன தப்பா எழுதியிருக்கு? படி, கேப்போம்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் பொறுமையாக வாசித்துக் காட்டினேன். அப்பாவின் பெயர். உப்பு இல்லை. மண்ணின் நிலை மிக நன்று. இட்ட எரு: குளத்து வண்டல், தலைச்சுமையாக. ஆட்டுக்கிடை. பூவரசு, கொழுஞ்சித் தழை. பதினாறு வருடம்.

"பாத்தியா? மண்ணு பண்ணையோடது, பேரு அப்பாவோடது. அதாம்மா தப்பு" என்று விளக்கினேன்.

அம்மா அட்டையை எட்டிப் பார்த்தாள். "வண்டலை நானுந்தானே சுமந்தேன்? என் பேரு இல்லையா அதுல?"

"இல்லம்மா. ஒரு பேருதான் போட்டிருக்கு."

"பக்கத்துல எழுதேன். பேனாதான் வச்சிருக்கியே."

"சர்க்கார் அட்டையில நாமளா எழுதக் கூடாதும்மா. டீச்சர் திட்டுவாங்க" என்றேன். மண்ணையே மாற்றியவளுக்கு எழுத்தில் அவ்வளவு நேர்மை!

அம்மா வற்புறுத்தவில்லை. "அப்ப சரி" என்று அட்டையை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள். உள்ளே போய்ப் பட்டாவோடு சேர்த்து வைத்துவிட்டு, அப்பாவிடம் நேராகவே, "உலை கொதிக்குது, குளிச்சுட்டு வாங்க" என்றாள். தப்பு அட்டையை எதற்கு இவ்வளவு பத்திரப்படுத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பறை கொட்டுகிற பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ள ஓடிவிட்டேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதத் தாராளமாக இடம் இருந்தது.