ஆடாத தண்ணீர்

மற்ற வீட்டு ஆண்கள் குவைத்திலிருந்து லீவுக்கு வந்தால் செண்டு பாட்டிலும் கம்பளியும் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் கொண்டுவந்தார். முழங்கை நீளம், ஆனால் பொம்மை இல்லை, உண்மையான நீராவியில் ஓடுவது. முன்பு செங்கோட்டை மலைப்பாதையில் ஓடிய மீட்டர்கேஜ் எஞ்சினின் ஜாடை. லீவு முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கிளம்பும்போது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் எங்கள் தென்காசி வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்கடியில் வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் நான் எஞ்சினை ஓட்டவேண்டும். பூந்தொட்டியில் சாய்த்துவைத்த செல்போனில் அவர் பார்ப்பார். மாமி மௌத்தாகிப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும் என்பதால் சலித்துக்கொண்டே செய்தேன்.

எஞ்சினுக்கு வெளியே ஒட்டியிருக்கும் சாமான்களில் பாதி நிஜம், பாதி வேஷம். முதுகில் இரண்டு குமிழ்கள். ஒன்றில்தான் நீராவி சேரும். கொதிக்கிற தண்ணீர் கலக்காமல் மேலாக எடுத்து சிலிண்டருக்கு அனுப்பும். மற்றொன்று மணல் குமிழ். பெரிய எஞ்சினில் சாரல் நேரத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவ அது வேண்டும். எங்களுடையதில் உள்ளே ஒன்றுமில்லை. சேஃப்டி வால்வு நிஜம். அழுத்தம் மிஞ்சினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு சீறும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியே போகும்போது வருவதுதான் அந்த ‘குப் குப்’ சத்தம். விசில் நிஜம், பக்கவாட்டுக் குழாய்கள் பலதும் வேஷம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாய்லரின் பின்பக்கம் விரலளவு நிற்கும் கண்ணாடிக் குழாய். அதன் மேல்முனை ஆவியிலும் கீழ்முனை தண்ணீரிலும் திறந்திருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதை அது காட்டும். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்க்கிற கண். இதில் எனக்கு நீங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று பீற்றிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“ஓடுத எஞ்சின்ல தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும். ஆடாத தண்ணிய மட்டும் நம்பாதட்டி” என்றார்.

ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் பாதிக்கு நின்றது. கோடு கிழித்ததுபோல நின்றது. புகைபோக்கிச் சத்தம் மெலிந்தது, பெயிண்ட் கருகும் வாடை வந்தது. தண்ணீர் மட்டும் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தித் தீயை அணைத்தேன். சோதிப்பதற்கென்று குழாயின் அடியில் ஒரு குட்டித் திருகு உண்டு. திறந்தால் தண்ணீர் வெளியேறவேண்டும், மூடினால் திரும்பி ஏறவேண்டும். திறந்தேன். நின்ற தண்ணீர் போனது. மூடினேன். ஒன்றும் ஏறவில்லை. கீழ்த் துளை எப்போதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பாய்லர் வற்றிக் காய்ந்துகொண்டிருக்க, குழாய் பாட்டுக்குப் பாதி தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

செல்போனைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு திருகு தளர்ந்தாலே அங்கிருந்து கத்துகிற மனிதர் சிரித்த முகமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா ஓடுது என்றார். எஞ்சின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றுதான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். சில மாதங்களாகவே அதே வெளிறிய சுவர், பாதி மூடிய அதே ஜன்னல் திரை. முன்பெல்லாம் பின்னால் அறைக்கூட்டாளிகள் யாராவது துண்டோடு குறுக்கே போவார்கள். இப்போது யாருமே இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றால் அதே பதில், அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அசையவே இல்லை. செலவுக்குப் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பின்னால் ஓர் இரைச்சல் இருந்தது. ஏசி என்பார். குவைத் வெயிலுக்கு ஏசி இரைவது சகஜம்தானே. ஆனால் அதற்குப் பிறகு கவனித்தால், மலையில் மழை பிடித்த வாரம் அந்த ஏசி பலமாக இரைந்தது. சாரல் ஓய்ந்து, குற்றாலத்தில் அருவி நூலாக விழுகிறது என்று ஊரில் பேசிக்கொண்ட வாரம் அதுவும் தணிந்தது. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வெயில் கொளுத்தவேண்டிய பொழுது. அவர் திரை ஓரத்தில் தெரிந்த வெளிச்சமோ என் மாடியில் இருட்டும்போது கூடவே இருட்டியது. எனக்குப் பேசவே பயமாக இருந்தது. அவர்தானா, இல்லை அவர் மாதிரி ஏதோ ஒன்றா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதைவிட, உள்ளே வற்றிப்போய் எத்தனை நாளாகக் காய்கிறாரோ, ஒருநாள் ஏதாவது செய்துகொள்வாரோ என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வெள்ளி சாரல் மறுபடி பிடித்தது. எஞ்சினை எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் திருகைத் திறப்பதுபோல, சும்மா சொன்னேன்.

“இங்கன சாரல் விட்டுட்டு மச்சான்.”

“இங்கனயும் இப்பத்தான்ட்டி விட்டுச்சு” என்றார்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. சட்டென்று ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பின்னால் கேட்டது ஏசி இல்லை, குற்றாலத்து அருவியின் இரைச்சல். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

ஏன், எப்போதிருந்து என்று கேள்விகள் என் தொண்டை வரை வந்துவிட்டன. வற்றிக் காய்ந்த பாய்லரில் பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது, வெடித்துவிடும். தீயை அணைத்துவிட்டு ஆறவிடவேண்டும். அதுவும் அவர் சொன்னதுதான்.

“வீட்டுக்கு வாங்க மச்சான். ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றேன்.

வந்தார். வேலை போய், விமானம் இறங்கி, கேரள எல்லைப் புளியறை வழியாக பஸ்ஸில் வந்து, வீட்டு வாசலை மிதிக்கக் கூசி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மோட்டாரும் வெந்நீரும் பார்த்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தையே எனக்கு அனுப்பிக்கொண்டு பின்னறையில் இருந்த கதையெல்லாம் பிறகு அவராகச் சொன்னது. அன்றைக்கு நாற்காலியில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அதே சிரிப்பு, அசையாமல். டீ போட்டுக் கையில் கொடுத்தேன்.

தம்ளருக்குள் டீ ஆடிக்கொண்டே இருந்தது. அவர் கை அப்படி நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.