சுடாத முனை

வண்டிக்கு வயரிங் வேலை தெரியும் என்று எத்தனையோ பேர் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நடுவழியில் கண் அவிந்து நின்ற லாரிக்கு டிரைவர்மார் தேடிப் போனது ஒருவரைத்தான். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கங்கு என்றால் தெருவில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல. புகை கக்கிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் முகப்புக்குள் வெறுங்கையை விட்டு, கங்காய்ச் சிவந்திருந்த வயரைப் பிடுங்கி எறிந்தவர் அவர். வாளியோடு ஓடி வந்தவர்கள் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. பஸ் பிழைத்தது. அன்றைக்கு வைத்த பேர், தலை நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது கொஞ்சம். அதில் மனசில் நின்றது அதைவிடக் கொஞ்சம். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மட்டும் கெட்டியாக நின்றன. "பேட்டரிக்கு அது போதும்டா" என்பார். லாரி கழுவுகிறவராகத் தொடங்கி, கழுவும்போதே மூடியைத் திறந்து பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தவர். எவருடைய சிபாரிசும் கிடையாது, எவர் தோளிலும் ஏறியது கிடையாது. தகரக் கொட்டகை போட்டார், அதைக் கல் கட்டடமாக்கினார், பின்னாலேயே வீட்டையும் எழுப்பினார், மகளை நல்ல இடத்தில் கொடுத்தார். தன் கையே தனக்குதவி என்ற ஒரே பழமொழியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இவ்வளவு செய்ய முடியும் என்றால் வேறு பழமொழி எதற்கு?

அவர் வேலை முறையும் கைதான். வயரிங்கை முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைப்பார். சுட்டால் அங்கே பிடிமானம் கோளாறு. குளிர்ந்திருந்தால் இணைப்பு சுத்தம். "மீட்டர் வாங்கலாமே அண்ணே" என்று யாராவது கேட்டால், "மீட்டருக்குள்ள இருக்கிற பேட்டரி செத்தா அதை யாரு பாப்பா?" என்று மடக்கிவிடுவார்.

கடையில் விற்கும் டெர்மினலை அவர் தொடவே மாட்டார். பேட்டரியின் தலையில் இருக்கும் இரண்டு குமிழிலும் மாட்டும் பிடியைத் தானே ஈயம் உருக்கி வார்ப்பார். வயர் நுனிக்குச் செப்புக் குழலில் காது, அதாவது பிடியில் மாட்டும் முனை, வைத்து, அதற்குள்ளும் ஈயம் ஊற்றி அடைப்பார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. காதை அடியில் காய்ச்சிக்கொண்டே வயரை விரலில் பிடித்திருக்க வேண்டும். சூடு வயர் வழியாக ஏறி வந்து விரலைத் தொடும், அதுதான் ஊற்றும் நேரம். அதற்கு முன்னால் ஊற்றினால் ஈயம் ஒட்டாது, மேலே மட்டும் மினுங்கும்.

இப்படி இருந்தவருக்கு, மனைவியின் நுரையீரல் ரூபத்தில் சோதனை வந்தது. மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் மூக்கில் குழாயும், குழாயின் மறுமுனையில் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினும் என்றாகிவிட்டது. மெஷினின் உறுமல்தான் அந்த வீட்டின் மூச்சு. கரண்ட் போனால் கைக்காவலாக ஒரு சின்ன சிலிண்டர், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கட்டில், ஜன்னல், சமையல்கட்டு வாசல், குழாய் எட்டிய தூரமே அந்த அம்மாவின் உலகம்.

மலைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஓர் அக்கா. தாய் போன பிறகு தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவள். அந்த அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள், தங்கையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நாள் அதிகம் இல்லை என்று போன் வந்தது.

மனைவி போனை வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறோம்" என்றார் கங்கு.

"எப்படிங்க? காலைல கிளம்பினாலும் சாயங்காலம் ஆயிடும். சிலிண்டர் எத்தனை மூட்டை கட்டுவீங்க?"

"மெஷினையே வண்டில ஓட்டறேன். யார்னு நெனச்ச?"

வீட்டு வேனில் ரெண்டாவதாக ஒரு பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைப்பதென்று முடிவானது. பழைய வயர் ஹாரனுக்கும் விளக்குக்கும் போட்டது. மெஷின் யானை மாதிரி குடிக்கும், அந்த வயர் வைக்கோல் மாதிரி. தண்டியான வயர் வாங்க மாப்பிள்ளையின் கடைக்குப் போனார். மகளைக் கட்டியவர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார்.

"மாமா, டெர்மினலும் பாத்துட்டுப் போங்க" என்று மாப்பிள்ளை மேஜையில் பரப்பினார். பித்தளை ஒன்று, நெம்புகோல் வைத்தது ஒன்று, கண்ணாடி மூடி போட்டது ஒன்று.

"என்ன மாப்ள இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி மினுக்கிக்கிட்டு நிக்குது? இதைப் பேட்டரில மாட்டறதா, காதுல மாட்டறதா?"

"உங்க ஈயக் குண்டைவிட எடை கம்மி மாமா."

"எடை கம்மியா இருக்கிறது காத்துல பறக்கும் மாப்ள. வயரை மட்டும் வெட்டிக் குடுங்க."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். மாமனாரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

எவ்வளவு தண்டி வயர் இழுத்தாலும் கடைசியில் எல்லாம் வந்து சேர்வது பேட்டரியின் ரெண்டு குமிழில். அங்கே பிடி சரியில்லை என்றால் ஆற்றை ஊசித்துளையில் விட்ட கதைதான். அந்த இடம் கொதிக்கும், போகிற மின்சாரம் இளைக்கும், இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். மலைப்பாதையில் அணைந்தால் ஒரு மூச்சு நிற்கும். இது கங்குவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் ஈயத்தைத் தானே உருக்கினார், தானே ஊற்றினார்.

மறுநாள் மதியம் வேனை வாசலில் நிறுத்தி மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார். மெஷின் ஓடத் தொடங்கியது.

"எப்படி இருக்கு?"

"வீட்டுல ஓடுறதவிட ஜோரா ஓடுதே."

"பின்ன? போட்டது யாரு!"

வெகுநேரம் ஓடவிட்டார்கள். அவர் வழக்கம்போல் விரல் வைத்துப் பார்த்தார். குளிர்ந்தே இருந்தது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். மனைவி எழுந்திருக்க ஊன்றுகோலாக எதையோ தேடி, சீட்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த பேட்டரிப் பெட்டியில் கை வைத்தாள். விருட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்க!"

"சுடுதா? எங்க?" ரெண்டு விரலை டெர்மினலில் அழுத்தினார். "ஒண்ணும் சுடல. வெயில்ல நின்ன வண்டி, தகரம் சுட்டிருக்கும்."

"கைய எடுங்க."

"சுடலன்னு சொல்றேன்ல."

"எடுங்கன்னா எடுங்க!"

கத்துவதற்கு மூச்சில்லாதவள் கத்தினாள். எடுத்தார். ரெண்டு விரல் நுனியும் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் உப்பிக் கொப்புளமாக எழும்பியது. அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"என்ன எத்தனை நாளா?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. பால் பாத்திரத்தைத் துணி இல்லாம இறக்கினீங்க. எம்புருஷன் கை இரும்புன்னு நானும் பெருமையா பாத்துக்கிட்டு இருந்தேனே, பாவி."

அவர் வேனின் படியில் உட்கார்ந்தார். "என் சர்க்கரைக்குப் பாக்கிற டாக்டர் ஒருதடவை கேட்டாரு. விரல்ல மரமரப்பு இருக்கான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரைப் பாத்து கேக்கறீங்கன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அடங்கும் வரை அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவளையும் மெஷினையும் வீட்டுக்குள் சேர்த்துவிட்டு, டெர்மினலைக் கழற்றி, காதைப் பட்டறைப் பிடியில் இறுக்கி ரம்பத்தால் நடுவே அறுத்தார். வெளியே வெள்ளி மாதிரி மினுங்கியது. உள்ளே கறுப்பாகப் பொந்து. ஈயம் செம்பில் ஒட்டவே இல்லை. வயரில் ஏறி வந்த சூடு விரலுக்குச் சேதி சொல்லவில்லை. பழக்கத்தில் உத்தேசமாக ஊற்றியிருக்கிறார். எத்தனை வண்டிக்கு இப்படி ஊற்றினோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"நான் போகலன்னா பரவால்லீங்க" என்றாள் அவள், அவர் உள்ளே வந்ததும் ஜன்னலைப் பார்த்தபடி. "அக்காகிட்ட போன்லயே பேசிக்கறேன்."

அது அவரை அறுத்த மாதிரி வேறெதுவும் அறுக்கவில்லை. நேரே மாப்பிள்ளையின் கடைக்குப் போனார். விரலில் சுற்றிய துணியை மாப்பிள்ளை பார்த்தார்.

"என்ன மாமா, சுட்டுக்கிட்டீங்களா?"

"சுட்டது. எனக்குத்தான் தெரியல." கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் சொன்னார். "கை செத்துப்போச்சு மாப்ள. இந்த வருஷம் நான் காது ஊத்தின வண்டிக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, மாத்திக்கச் சொல்லிடுங்க. அத்தை வண்டிக்கு என்ன போடலாம்னு நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மேஜையில் இருந்ததை எல்லாம் ஒரு பெட்டியில் அள்ளினார். "நான் சொல்லல மாமா. வீட்டுக்கு வாங்க, ஒவ்வொண்ணா மாட்டிப் பாப்போம்."

வாசலில் வேன், உள்ளே கங்குவின் மனைவி, மடியில் குழாய், டெர்மினல் மாற்றும் நேரத்துக்குக் கைக்காவல் சிலிண்டர். ஒவ்வொரு டெர்மினலாக மாட்டி, மெஷினை ஓடவிட்டு, தெருவின் குண்டு குழியில் எல்லாம் வேனைக் குலுக்கி ஓட்டி வருவார்கள். நிறுத்தியதும் அவள் புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பாள்.

"இத்தனை வருஷத்துல என்னைக் கேட்டு ஒரு ஸ்குரூ வாங்கினது கிடையாது. இன்னைக்குத் துணிக்கடையில உக்கார வச்ச மாதிரி உக்கார வச்சிருக்காரு."

"பேசாம கைய வச்சுப் பாரு" என்றார் கங்கு. "நம்ம கையே நமக்கு உதவின்னு இருந்தேன்..."

"அந்தப் பழமொழி சொன்னவனுக்குப் பொண்டாட்டி இருந்திருக்க மாட்டா."

மாப்பிள்ளை குனிந்து பேட்டரிப் பெட்டிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

திருகு வைத்து வயரை அமுக்கும் பித்தளையைத் தொட்டதுமே உதட்டைப் பிதுக்கினாள். திருகு நுனி சில இழையை மட்டும் நசுக்கிப் பிடித்திருந்தது, மற்றவை சும்மா கிடந்தன. நெம்புகோல் வைத்தது முதலில் நன்றாக இருந்தது. குழியில் இறங்கி ஏறிய பிறகு, "வெதுவெதுங்குது" என்றாள். பிடி தளர்ந்திருந்தது. கடைசியில் மாப்பிள்ளை வெள்ளீயம் பூசிய செப்புக் காதை எடுத்தார். வயரை அதற்குள் விட்டு அழுத்தும் கருவியின் வாயில் வைத்து, கைப்பிடியை மாமனார் பக்கம் நீட்டினார்.

"அமுக்குங்க மாமா. இதுக்குச் சூடு வேணாம். பலந்தான் வேணும். அது உங்ககிட்ட எங்களவிட ஜாஸ்தியா இருக்கு."

கங்கு அமுக்கினார். செம்பும் இழையும் ஒரே கட்டியாக இறுகின. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தார். பொந்து இல்லை, எது காது எது இழை என்று பிரிக்க முடியவில்லை. கூட்டல் குமிழ் தடிமன், கழித்தல் குமிழ் கொஞ்சம் மெலிவு. சம்மட்டியால் தட்டி இறக்காமல், அதற்கு அது, இதற்கு இது என்று போல்ட் வைத்த பிடியைப் பொருத்தினார். ஒரே போல்ட்டில் எல்லாக் காதையும் அடுக்காமல் மெஷினுக்குத் தனி போல்ட் கொடுத்தார். பக்கத்திலேயே ஃப்யூஸ். பொருத்தியது அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இந்தத் தடவை அவள் புறங்கையைப் போட்டாள், பிறகு உள்ளங்கையை. எடுக்கவில்லை. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"மண்பானை மாதிரி இருக்குங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். மலையேற்றத்தில் வளைவுக்கு வளைவு கங்குவின் காது இன்வெர்ட்டரிடமே இருந்தது. அது கத்தவில்லை. நிறுத்தங்களில் அவர் பெட்டியைத் திறப்பார், அவள் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவாள், வேன் நகரும்.

அக்காவின் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மருந்து வாடை. எலும்பும் தோலுமாக இருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"மூக்குல என்னடி அது?"

"மூச்சு."

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு அக்கா, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டிச் சுவரோரமாக நகர்ந்தாள். "உக்காந்துகிட்டே இருக்காத. வா, படு."

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். குழாய் இழுபட்டது. கங்கு மெஷினைத் தூக்கிக் கட்டிலை ஒட்டி வைத்துவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி அதன் அருகே போட்டு உட்கார்ந்தார். உள்ளே ரெண்டு பேரும் ஏதோ பழைய விஷயத்துக்குத் தாழ்ந்த குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி ஒப்புக்கொள்ளவே இல்லை.

அக்கா போனது அடுத்த வாரம். அதுவரைக்கும் அந்தக் கட்டிலில் இடம் போதவில்லை என்று ரெண்டு பேரில் யாரும் சொல்லவில்லை.