இரண்டு மணி இரைச்சல்

வைகுண்டராஜ் டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்து, தன் செல்போனை உள்ளே வைத்து, மூடி, கொக்கியை மாட்டினார். நடு அடுக்கில் எலுமிச்சைச் சாதம், கீழ் அடுக்கில் உருளைக்கிழங்கு. பிறகு என் பக்கம் கை நீட்டினார். "ஒங்க போனையும் குடுங்க. ரெண்டுக்கும் எடம் இருக்கு."

எவர்சில்வருக்குள் அடைபட்ட செல்போன் வெளியே எதையும் அனுப்பாது. அவர் கழுத்தில் தொங்கும் அலை பிடிக்கும் கருவியும் குழம்பாது. அணைத்து வைத்தால் போதாதா என்று கேட்டேன். "அணைச்சா மறுபடி போட மறந்துருவேன். இதுன்னா சாப்பிடுறப்ப கண்ணுல பட்டுரும்ல" என்றார். காலை பத்து முதல் சாப்பாடு வரைக்கும் கணவர் கேரியருக்குள் இருக்கிறார் என்பது மனைவி பூமாரிக்குப் பழகிவிட்டது. அந்த நேரத்தில் உறவில் யாருக்கு என்ன ஆனாலும் தகவல் மூன்று மணிக்குத்தான் போய்ச் சேரும்.

வைகுண்டராஜுக்கு வயது ஐம்பத்திரண்டு. ரேடியோ அலைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுப் பிரிவொன்றில் தொழில்நுட்ப ஊழியர். எந்த அலைவரிசையில் யார் பேசலாம் என்று அரசாங்கம் பிரித்துக் கொடுத்திருக்கிறது அல்லவா, அதில் தன் இடத்தை விட்டு அடுத்தவர் இடத்தில் சத்தம் போடுகிறவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பது வேலை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. அவர் அண்ணன் கடையில் உட்கார்ந்து சொல்வார்: "நாங்கெல்லாம் ஏலக்கா விக்கிறோம். எந்தம்பி காத்துல வரப்புத் தகராறு தீத்து வைக்கிறான்." கல்யாண வீடுகளில் மட்டும் "சென்ட்ரல் கவர்மென்ட்டு" என்று சொல்லி, மேலே பேச்சு வளராமல் பார்த்துக்கொள்வார்.

தேடுவதற்கு வைகுண்டராஜ் வைத்திருப்பது ஒரு ஆன்டெனா. ஒரு மீட்டர் நீளக் கம்பி, அதன் குறுக்கே மீன் முள் மாதிரி சின்னச் சின்னக் கம்பிகள். வெங்காயச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக் கொண்டுவருவார். இடம் வந்ததும் இரண்டு கைகளாலும் அதை முன்னால் நீட்டிப் பிடித்து, கண்ணை மூடி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, ஓரிடத்தில் நிற்பார். பிறகு நேராக நடப்பார். பத்தடிக்கு ஒருமுறை நின்று தலையைச் சாய்ப்பார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மனிதர் இப்படி நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிலத்தடியில் நீரோட்டம் பார்க்கிறார்.

காமயகவுண்டன்பட்டியில் சீனிச்சாமி என்ற திராட்சை விவசாயி இதை முதலில் கண்டுகொண்டவர். போன வருஷம் அவர் தோட்டத்து வடக்கு மூலையில் வைகுண்டராஜ் குனிந்தபடி ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறார். அவர் போனதும் சீனிச்சாமி அங்கே ஒரு கல்லை நட்டு, மறுவாரம் போர் வண்டியைக் கூட்டிவந்துவிட்டார். முந்நூற்று எண்பது அடியில் நல்ல தண்ணீர். "நான் செருப்புல ஏறுன முள்ளத்தேன் எடுத்தேன்" என்று வைகுண்டராஜ் ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். "தொழில் ரகசியத்த யாரு வெளிய சொல்லுவா" என்று ஊர் புரிந்துகொண்டது. அவர் மறுக்க மறுக்க மதிப்பு ஏறியது.

அதிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நாயைக் கட்டிவிட்டு வாசலைத் திறக்கிறார்கள். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பதில் அவர் கறார். ஆனால், திராட்சையைப் பையில் போட்டுக் கொடுத்தால் லஞ்சம், தட்டில் வைத்தால் உபசாரம் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் உடன் போன இரண்டு நாளும் எல்லாரும் தட்டிலேயே வைத்தார்கள்.

இரைச்சல்களுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். நாற்பது பக்க நோட்டில் தேதி வாரியாக எழுதியிருக்கும்: "குருவி", "மாவு மில்லு", "வடைச் சட்டி". குருவி என்றால் கடைப் பலகையின் மலிவு விளக்கு. மாவு மில்லு, வெல்டிங் பட்டறை. வடைச் சட்டி வந்தால் முகம் மாறிவிடும். அது பெரும்பாலும் செல்போன் பூஸ்டர். வீட்டுக்குள் டவர் கிடைக்காதவர்கள் கூரைமேல் ஒரு கம்பியும் உள்ளே ஒரு பெட்டியும் மாட்டி வைக்கிறார்கள். பெட்டி மட்டமானதாக இருந்தால், செல்போனுக்கு ஒதுக்கிய அலையோடு நிற்காமல் கண்ட இடத்திலும் கத்தும். பிடிபட்ட பெட்டிக்கு ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் "நோக்கம்" என்றொரு கட்டம் உண்டு. இவர் கேட்டதைக் கேட்டபடி எழுதுவார். "கிரிக்கெட் பார்க்க." "மருமகன் வந்தால் குறை சொல்கிறார்." மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் "சொந்த உபயோகம்" என்று போடச் சொன்னாராம். "அப்படி ஒரு காரணத்த யாருமே எங்கிட்ட சொல்லலயே சார்" என்றிருக்கிறார்.

இந்தப் பங்குனியில் அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு வடைச் சட்டி. மேகமலைக் காட்டில் தீத்தடுப்பு வேலை பார்க்கும் வாட்ச்சர்களுக்கு அங்கே செல்போன் எடுக்காது. கையில் இருக்கும் வயர்லெஸ்தான் துணை. அவர்கள் கூப்பிட்டால் அடிவாரத்து வயர்லெஸ் அறையில் கேட்கும். பதினைந்து நாளைக்கு முன் நாலு பேர் தீக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார்கள். அறையில் வடைச் சட்டி மட்டும்தான் கேட்டது. கடைசியில் அவர்களே ஒரு ஓடையைப் பிடித்து இறங்கி வந்தார்கள். அதில் பால்பாண்டி என்பவருக்கு இரண்டு பாதமும் வெந்துவிட்டது.

வைகுண்டராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "எத்தனை மணி இருக்கும்?"

"ரெண்டு அடிச்சுக் கொஞ்ச நேரம் சார். கூப்பிட்டுட்டேதேன் இருந்தோம். அங்கன இருந்து ஒரு பதிலும் இல்ல."

வயர்லெஸ் அறையிலிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். இரைச்சல் மதியம் இரண்டு மணிக்கு வரும், இரண்டரைக்கு நின்றுவிடும், மறுநாள் இரண்டு வரைக்கும் இருக்காது. அதனால் தேடுவதற்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது அரை மணி நேரம். முதல் நாள் திசை தெரிந்தது. இரண்டாம் நாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். அன்று சீனிச்சாமியின் தோட்டம் வரைக்கும் வந்து, இரண்டரைக்கு இரைச்சல் நின்றுவிட்டது. வைகுண்டராஜ் அங்கேயே ஒரு குச்சியை நட்டார். சீனிச்சாமி அந்தக் குச்சியை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

தட்டில் பன்னீர் திராட்சை வந்தது. என்ன தேடுகிறோம் என்று அவருக்கு மறுபடியும் விளக்கிச் சொன்னார் வைகுண்டராஜ். இந்தமுறை சீனிச்சாமி கவனமாகவே கேட்டார்.

"செல்போனு ஊருக்கே இருக்கு அண்ணாச்சி. பாரஸ்ட்டு லைன்ல நாலு பேரு, நாளைக்கு நாலு வார்த்தை. மத்த நேரமெல்லாம் சும்மாதான கெடக்கு? அதையும் செல்போனுக்கே விட்டுட்டா என்ன?"

"முறைத் தண்ணி மாதிரிதேன் இதுவும். செல்போன் கம்பெனிக்காரவுக ஏலத்துல ஒரு பங்க எடுத்தாக. போலீசு, பாரஸ்ட்டு, தீயணைப்புக்குன்னு ஒரு பங்க ஒதுக்கிட்டாக. நடுவுல வரப்பு. பூஸ்டர் வச்சிருக்கவுக தன் வயலுக்குத் தண்ணி வரணும்னுதேன் வரப்ப வெட்டுறாக. அடுத்த வயலு முங்குறது அவுகளுக்குத் தெரியாது."

"அதச் சொல்லல. ஓடாத வாய்க்கால எதுக்குக் காபந்து பண்ணணும்ங்கிறேன்."

வைகுண்டராஜ் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "சும்மா கெடக்கணும்னுதேன் அத ஒதுக்குனதே. ஒருத்தன் கூப்பிடுற அன்னைக்கு அது காலியா இருக்கணும்ல."

சீனிச்சாமி சற்று நேரம் யோசித்தார். பிறகு, குச்சி நட்ட இடத்தில் எத்தனை அடி போட வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கே குச்சிக்குப் பக்கத்தில் நின்றோம். கிழக்கே மலையில் ஒரு மடிப்பிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதை வைகுண்டராஜும் பார்த்தார். வாட்ச்சர்களின் அலைவரிசையைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். இரண்டடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கருவியில் எண்ணெய் கொதிக்கத் தொடங்கியது.

நடக்க ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பந்தலுக்கு அடியில் குனிந்து, வாய்க்காலைத் தாண்டி, ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்தோம். இரைச்சல் தடித்துக்கொண்டே வந்தது. தோப்பின் நடுவே பள்ளத்தில் ஒரு ஓட்டு வீடு. கூரையை ஒட்டி மூங்கிலில் ஒரு கம்பி.

வாசல் திறந்திருந்தது. உள்ளே ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண், சுவரோரமாகப் போனைக் காதோடு அழுத்தி நின்றுகொண்டிருந்தார். பெயர் இருளம்மாள் என்று பிறகு தெரிந்தது. அவர் தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிகிற ஒரு சின்னப் பெட்டி.

"நேத்து ராத்திரி கஞ்சி குடுத்தாகளா ஆத்தா? காய்ச்சலு..."

"தாயி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போன வைகுண்டராஜ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பேச்சு பாதியில் அறுந்தது. எனக்கு அவர்மேல் சரியான கோபம் வந்தது. ஒரு வாக்கியம் முடியும்வரை பொறுத்தால் குடியா முழுகிவிடும்?

"ஐயோ, லைன் போயிருச்சே! நீங்க நீரோட்டம் பாக்குறவுகதான? எங்க வீட்டு வயர ஏன் புடுங்குறீக?"

வைகுண்டராஜ் கழுத்துக் கருவியைக் கையில் எடுத்துப் பிடித்தார். கொதித்த எண்ணெய் அடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, வெகு தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"...தவசி பேசுறேன். புகை மேக்க எறங்குது. நாலு பேரும் பாறைக்கு இந்தப் பக்கந்தேன் நிக்கிறோம். இருக்கவா, எறங்கவா? கேக்குதா? ஓவர்."

அடிவாரத்து அறையிலிருந்து பதில் போனது. "கேக்குது தவசி. எறங்கிருங்க. இப்பவே எறங்கிருங்க. ஓவர்."

அதற்குப் பிறகு என்னால் வைகுண்டராஜ் மேல் கோபப்பட முடியவில்லை. இருளம்மாள் மேலும் முடியவில்லை.

"ஒங்க பெட்டி கத்துறதுல மலையில இருக்கவுக கொரலு கீழ கேக்கல தாயி" என்றார் வைகுண்டராஜ்.

"எம்பெட்டியா? லைட்டு மட்டுந்தான எரியும். அது சத்தமே போடாதே" என்றார் இருளம்மாள். சொல்லும்போதே அழுதுவிட்டார். மகள் யுவராணி திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் வேலை. ஹாஸ்டலில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பது மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரைக்கும்தான். அதற்காகத்தான் இவர் அந்த நேரத்துக்கு மட்டும் பெட்டியைப் போடுகிறார். மூன்று நாளாகப் பிள்ளைக்குக் காய்ச்சல். "நேத்து எந்திரிக்க முடியலன்னா. இன்னைக்கு எப்புடி இருக்குன்னு கேக்குறதுக்குள்ள புடுங்கிட்டீகளே. இனி நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான பேசுவா."

வைகுண்டராஜ் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சாக்கில் போட்டார். மணி பார்த்தார். இரண்டு பதினாறு.

"போனக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கிணற்றடியில் நின்று பார்த்தார், டவர் இல்லை. தோப்பின் ஓரத்தில் பார்த்தார், இல்லை. மோட்டார் ரூம் சுவரில் ஏணி சாய்த்திருந்தது. சட்டையில் ஓலைத் தூசி அப்பிக்கொள்ள மேலே ஏறி, தளத்தின் மேற்கு விளிம்பில் நின்று, வலது கையைத் தலைக்கு மேல் எட்டிய மட்டும் தூக்கினார். கையை இறக்கிப் பார்த்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மறுபடியும் தூக்கினார். மணி போனது.

இருளம்மாளுக்கு முழங்கால் மடங்காது. ஏணியில் ஏற முடியவில்லை. கீழேயே நின்று, தலையை அண்ணாந்து கத்தினார். "ஆத்தா! கேக்குதா ஆத்தா? காய்ச்சலு விட்டுச்சா?"

"விட்டுருச்சும்மா. காலையில இட்லி சாப்பிட்டேன். நீ ஏன் கத்துற?"

"மேல ஒரு சார் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. நீ பேசு."

யுவராணிக்கு அதில் என்ன புரிந்ததோ தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன், நீ யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.

வைகுண்டராஜ் போனை இன்னும் உயரத் தூக்கினார். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது காதில் விரலை வைத்து அடைத்தார். வலது காதை அடைக்கக் கை இல்லை. தலையைச் சாய்த்து, தூக்கிய கையின் புஜத்தில் அந்தக் காதை அழுத்திக்கொண்டு, இரண்டரை ஆகும்வரை அப்படியே நின்றார்.