பால்காரரின் பாதம்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்டிக்கு எதிரே என் இட்லிக்கடை. மார்கழிப் பனியில் அந்தப் பால்காரர் வரும்போது சைக்கிளே தெரியாது, ஆள் மட்டும் மிதந்து வருவார். நெட்டை மனுஷன். காலில் பழைய பேப்பரைச் சுற்றி, அதன்மேல் சாக்ஸ் போட்டிருப்பார். மிதிக்க மிதிக்க அது சரசரக்கும்.

ஒருநாள் அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்தார். சாக்ஸ் நுனி கருகியது. மனுஷன் அசையவே இல்லை.

"யோவ், கால் வேகுதுய்யா!"

இழுத்துக்கொண்டு சிரித்தார். "சுகரு இருக்குக்கா. சூடும் தெரியல, குளிரும் தெரியல. காலைச் சில்லுனு விடாதே, புண்ணு வந்தா காலையே எடுக்கணும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. தொட்டுப் பாத்துச் சொல்லுங்களேன், சூடு வந்துச்சா?"

"நான் மாமியார் காலையே தொட்டதில்ல" என்றேன்.

சொன்னேனே தவிர, சாக்ஸைக் கழற்றி, பேப்பரைப் பிரித்துப் பாதத்தைப் பிடித்தேன். மேலே சாக்ஸ் கருகியும் உள்ளே ஐஸ்கட்டி. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"வந்துச்சாக்கா?"

"இன்னும் வரல. பேசாம இரு."

சூடு ஏறிய பிறகு, கையைக் கழுவிக்கொண்டு இட்லி எடுத்தேன்.

அந்த மார்கழி முழுக்கத் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். தை பிறந்ததும் அவர் வரவில்லை. ஏனென்று இன்றுவரை தெரியாது.

இப்போதும் பனிக்குள் சைக்கிள் மணி கேட்டால், உள்ளங்கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கி வைத்துக்கொள்கிறேன்.