குளிர்கிடங்கில் ஏற்றிய விளக்கு

அந்தமானில் ஜங்லிகாட் குளிர்கிடங்கில் சொக்கலிங்கத்தைச் சர்க்கார் மெக்கானிக் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் பார்த்ததென்னவோ சுவிட்ச் வேலை. அறை சூடேறினால் குளிரூட்டும் இயந்திரத்தைப் போட வேண்டும், குளிர்ந்தால் அணைக்க வேண்டும். ஊருக்குப் போக லீவு கேட்டால் வங்காளி அதிகாரி, "தும் ஜாயேகா தோ மெஷின் கோன் தேக்கேகா?" என்பார். நீ போனால் இயந்திரத்தை யார் பார்ப்பது? நியாயமான கேள்விதான். பரமக்குடியில் பிறந்த மகளுக்கு மூன்று வயது. அவள் முகத்தை அப்பன் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே தன் வேலையைச் செய்ய ஒரு சாதனத்தைத் தானே வடிவமைத்தார். செம்புக் குமிழ் ஒன்று, உள்ளே வாயு. அறை சூடானால் வாயு விரிந்து சுவிட்சைத் தள்ளும், குளிர்ந்தால் சுருங்கி விட்டுவிடும். முதலில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டு அணைத்து இயந்திரத்தைத் திணறடித்தது. ஒரு ஸ்பிரிங் சேர்த்து, போடும் சூட்டுக்கும் அணைக்கும் சூட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டார். பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. சில வாரம் பார்த்த அதிகாரி லீவு கொடுத்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் கப்பல்.

பூஜையன்று சொக்கலிங்கத்துக்கு மனசு நிறைந்திருந்தது. தனக்கு விடுதலை வாங்கித் தந்த குமிழுக்குச் சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. குமிழுக்கு நேர் கீழே, காற்றில் அணையாமல் தகரத்தால் மறைத்து, ஓர் அகல் விளக்கு. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்.

"விடியிற வரைக்கும் எரியணும்யா," என்று ஸ்டோர்கீப்பர் குழந்தைவேலுவிடம் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பெட்டி கட்டப் போனார்.

குமிழ் தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலடியில் விளக்கு எரிந்தவரை அறையே கொதிக்கிறது என்று நம்பி இயந்திரத்தை ஓட விட்டது. காலையில் கதவைத் திறந்தால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் உறைந்து கல்லாகக் கிடந்தன.

குமிழ்மேல் தப்பில்லை, விளக்கு வைத்தது நான்தான் என்று சொக்கலிங்கம் தெரிந்த இந்தியில் மன்றாடினார்.

"மெஷின் பர் பரோஸா நஹீ. ஆத்மி சாஹியே," என்றார் அதிகாரி. இயந்திரத்தை நம்ப முடியாதாம், ஆள்தான் வேண்டுமாம். தப்புச் செய்த ஆள்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. குமிழைக் கழற்றினார்கள், லீவும் போயிற்று. மாலையில் கப்பல் சங்கு ஊதியபோது சொக்கலிங்கம் சுவிட்சருகே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

மகளுக்கு நான்கு வயதானபோது அடுத்த ஆயுத பூஜை வந்தது. குழந்தைவேலு சுவிட்சுக்குச் சந்தனம் வைத்தார், ஸ்டூலுக்கு வைத்தார், ஸ்டூலில் இருந்தவர் நெற்றியிலும் வைத்தார்.

"விளக்கை எங்கண்ணே வைக்க?"

"என்னை விட்டுத் தள்ளியே வையி. சூடு பட்டா நானும் சுவிட்சைப் போட்டுட்டே இருப்பேன்."